சாதமா, பிரவுன் ரைஸா? ஆய்வை அன்றாட உணவு ஆலோசனைக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

“மேடம், சாதத்த விட்டுட்டு பிரவுன் ரைஸுக்கு மாறிடட்டுமா?”

சர்க்கரை நோய் ஓபியில் உட்காரும் டயட்டீஷியன் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியை வாரத்துக்குப் பலமுறை கேட்டிருப்பார். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருக்கும். பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். வெளியே டோக்கனோடு ஒரு வரிசை காத்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் நாம் சொல்லும் பதில் எங்கிருந்து வருகிறது? கல்லூரிப் பாடமா, சீனியர் சொன்னதா, போன வாரம் பத்திரிகையில் படித்ததா? இளம் டயட்டீஷியன்கள் பலர் ‘ஆய்வு’ என்றால் பிஎச்டி செய்பவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஆய்வு தொடங்குவது நோயாளி கேட்கும் கேள்வியில். அது போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய தட்டு. நடுவில் உள்ள வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பிரவுன் ரைஸ், அதாவது தீட்டாத பழுப்பு அரிசி, பற்றிய கேள்வியையே கடைசிவரை கூட்டிப்போவோம். அது பற்றிய முக்கியமான ஆய்வுகள் சில சென்னையிலேயே நடந்திருக்கின்றன என்பதால் நமக்கு அது வசதியும்கூட.

படி 1: கேள்வியைத் திருத்துங்கள்

“பிரவுன் ரைஸ் நல்லதா?” என்பதற்கு எந்த ஆய்வாலும் பதில் சொல்ல முடியாது. யாருக்கு நல்லது? எதைவிட நல்லது? எதற்கு நல்லது? இந்த மூன்றும் அந்தக் கேள்வியில் இல்லை.

நான் ஒரு சின்ன நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதுவேன்: யாருக்கு, எதை, எதற்குப் பதிலாக, எந்த மாற்றத்தைப் பார்க்க, எத்தனை நாளில். எதிரே இருப்பவர் 52 வயது அம்மா, ஐந்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும், மூன்று வேளையும் அரிசி உணவு என்றால் கேள்வி இப்படி மாறும்: ‘மாத்திரையில் இருக்கும் நடுவயதுக்காரர், வெள்ளைப் புழுங்கலரிசிச் சாதத்துக்குப் பதில் அதே அளவு தீட்டாத அரிசிச் சாதம் சாப்பிட்டால், மூன்று மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) குறையுமா?’

‘அதே அளவு’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். பின்னால் முழு விஷயமும் அதில்தான் வந்து நிற்கப்போகிறது.

படி 2: தேடுங்கள், ஆனால் வரிசையாக

முதலில் வழிகாட்டு நூல்கள், அப்புறம் பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி மதிப்பிடும் தொகுப்பு மீளாய்வுகள், கடைசியாகத் தனி ஆய்வுகள். இந்த வரிசை நேரத்தை மிச்சப்படுத்தும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி 17 பரிந்துரைகளைக் கொண்டது. அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நோயாளிகள் கேட்கும் பொதுவான கேள்விகளில் பலவற்றுக்கு அதிலேயே அடிப்படை கிடைக்கும். இப்படித் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளுடைய எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. நோயாளியின் மகனோ மகளோ “எங்க போட்டிருக்கு?” என்று கேட்டால் நேரே எடுத்துக் காட்டலாம். தனி ஆய்வுகளுக்கு பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத்தாள் தேடல் தளம் இருக்கிறது, இலவசம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை இல்லாத ஆய்வுத்தாளுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கொடுத்துவிடும். அப்படி ஒரு தாள் உண்மையில் இருக்கிறதா என்று பப்மெட்டில் பார்க்காமல் ஒரு வரியைக்கூட டயட் சார்ட்டில் ஏற்றாதீர்கள்.

படி 3: தாளைப் பின்னாலிருந்து அல்ல, நடுவிலிருந்து படியுங்கள்

பலரும் சுருக்கத்தைப் படித்து, நேரே முடிவுரைக்குத் தாவிவிடுவார்கள். முடிவுரை ஆய்வாளரின் கருத்து. அவர் செய்தது என்ன என்பது ‘முறைகள்’ பகுதியில் இருக்கிறது. அங்கே தொடங்குங்கள்.

நம் கேள்விக்கே வருவோம். 2014இல் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடல் எடை கூடியவர்களுக்கு வெள்ளை அரிசி, பழுப்பு அரிசி, பழுப்பு அரிசியோடு பருப்பு வகை என்று மூன்று விதமான உணவு தந்து, தொடர் சர்க்கரை அளவிடும் கருவியை உடம்பில் பொருத்திப் பார்த்தார்கள். பழுப்பு அரிசி சாப்பிட்ட நாட்களில் சர்க்கரை ஏற்றம் வெள்ளை அரிசியைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. பருப்பு வகையும் சேர்ந்தபோது சுமார் 23 சதவீதம். செய்தியில் வந்தது இதுதான். முறைகள் பகுதியைப் பார்த்தால் தெரிவது: பங்கேற்றவர்கள் 15 பேர், ஒவ்வொரு உணவும் 5 நாள்.

இதனால் அந்த ஆய்வு மோசமானது என்று ஆகிவிடாது. ‘இந்த அரிசியை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது?’ என்ற கேள்விக்கு அது சுத்தமான பதில். ஆனால் நம் நோட்டில் எழுதிய கேள்வி அது இல்லையே. நாம் கேட்டது மூன்று மாதத்தில் எச்பிஏ1சி பற்றி.

அதே சென்னையில் 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. எடை கூடிய 166 பேர். நாளுக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஆறு நாள், சுமார் மூன்று மாதம் ஒரு வகை அரிசி. இடைவெளி விட்டு அடுத்த மூன்று மாதம் மற்ற வகை. சாதம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். முடிவு? மொத்தமாகப் பார்த்தால் எச்பிஏ1சியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றில் பல சேர்ந்து கெட்டிருந்த வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களிடம் மட்டும் சிறிதளவு குறைந்தது.

இரண்டும் ஒரே ஊர், ஒரே வகை உணவு. 5 நாளில் பெரிதாகத் தெரிந்தது 3 மாதத்தில் ஏன் கரைந்தது? என் கணிப்பு, மனிதர்கள் தங்கள் விருப்பப்படி பரிமாறிக்கொள்ளும்போது அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது. 2017இல் வந்த இந்திய உணவுச் சத்து அட்டவணையைத் திறந்து பாருங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், தீட்டாத அரிசியில் சுமார் 75. நார்ச்சத்து 2.8க்கும் 4.4க்கும் உள்ள வித்தியாசம். ‘இது நல்ல அரிசி’ என்ற தைரியத்தில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால், அந்த 3 கிராம் லாபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தாள் படிக்கும்போது நான் பார்க்கும் மற்ற விஷயங்கள் சில.

எத்தனை அளவீடுகள்? 2015இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ‘சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும்’ என்று வேண்டுமென்றே ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆய்வு உண்மையிலேயே நடந்தது. 15 பேர், 18 அளவீடுகள். அத்தனை அளவீடுகளை அத்தனை குறைந்த ஆட்களிடம் எடுத்தால் ஏதோ ஒன்று தற்செயலாக ‘வெற்றி’ பெற அதிக வாய்ப்பு உண்டு. அதை மட்டும் எடுத்துச் சொன்னார்; பல நாட்டுப் பத்திரிகைகள் அப்படியே போட்டன. அவர் காட்ட விரும்பியதும் அதைத்தான்.

ஆட்களை எப்படிப் பிரித்தார்கள்? மத்தியதரைக்கடல் உணவு பற்றிய ப்ரெடிமெட் ஆய்வு 2013இல் வந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2018இல் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஒரு மையத்தில் ஆளுக்கு ஆள் குலுக்கல் போடாமல் மருத்துவ நிலையம் வாரியாகப் பிரித்திருந்தார்கள். சில வீடுகளில் ஒருவருக்கு விழுந்த குழுவிலேயே மற்றவரையும் சேர்த்திருந்தார்கள். மறுகணக்கில் முடிவு ஏறத்தாழ அதேதான் வந்தது, ஆனால் ‘இதனால்தான் இது’ என்ற உறுதியான மொழி தளர்ந்தது. தவறைத் தாங்களே ஒப்புக்கொண்டு திருத்திய அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. நமக்கான பாடம் எளிது: பழைய தாளை மேற்கோள் காட்டும்முன் அது திரும்பப் பெறப்பட்டதா, திருத்தப்பட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சதவீதம் எதன்மேல்? இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சுமார் பத்தாண்டு பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2020இல் வெள்ளை அரிசி பற்றி ஒரு முடிவைச் சொன்னது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெந்த சாதம் சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழ் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவில் 61 சதவீதம் அதிகம். இதைக் கேட்டதும் ‘சாதம் சாப்பிடும் 100 பேரில் 61 பேருக்குச் சர்க்கரை’ என்று புரிந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. குறைவாகச் சாப்பிடும் 100 பேரில் 10 பேருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதிகம் சாப்பிடும் 100 பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு வரும். நூற்றில் ஆறு பேர் கூடுதல். இது சின்ன எண்ணிக்கை இல்லைதான், ஆனால் 61 இல்லை. நோயாளியிடம் எப்போதும் ‘நூறு பேரில் எத்தனை பேர்’ என்ற கணக்கிலேயே பேசுங்கள்.

இது கண்காணிப்பு ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. நிறையச் சாதம் சாப்பிடுபவர் தட்டில் காய்கறியும் பருப்பும் குறைவாக இருக்கலாம், வருமானம் குறைவாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் சரிக்கட்டப் பார்ப்பார்கள். முழுதாக முடியாது.

படி 4: நம் கையில் உள்ள அளவுகோல்கள் எந்த ஆண்டு?

புதிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் நாம், மேசை டிராயரில் இருக்கும் அட்டவணை எந்த ஆண்டு அச்சானது என்று பார்ப்பதில்லை. என் சொந்த அனுபவம் ஒன்று.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு வேதநூல் போல இருந்தது 1971இல் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் தொகுத்த உணவுச் சத்து நூல். சேலத்தில் பிறந்த கோபாலன் இந்திய ஊட்டச்சத்து இயலின் பெரிய ஆள்களில் ஒருவர். அவர் தலைமை தாங்கிய நிறுவனமே 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி என்பது தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு தயமின் (வைட்டமின் பி1) பற்றாக்குறையால் வந்த நோய். ஆக, அரிசியைத் தீட்டினால் என்ன போகிறது என்ற கேள்விக்கு நம் நீலகிரி மலையிலேயே நூறு வயதாகிவிட்டது.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். அந்த 1971 நூலில் 100 கிராம் அவலில் இரும்புச்சத்து 20 மில்லிகிராம். ரத்தசோகையோடு வரும் பெண்களுக்கு நான் பல ஆண்டுகள் அவல் எழுதிக் கொடுத்தேன். 2017 அட்டவணையில் அதே அவலில் சுமார் 4.5 மில்லிகிராம். தானியங்களில் ஒட்டிய மண்ணும், இரும்புக் கருவிகளிலிருந்து உதிர்ந்த துகளும் பழைய அளவீடுகளில் சேர்ந்துகொண்டது இப்படிப்பட்ட வித்தியாசங்களுக்கு ஒரு காரணம். இதற்கிடையே தேவையும் நகர்ந்தது. வயது வந்த பெண்ணுக்கு 2010 பரிந்துரையில் நாளுக்கு 21 மில்லிகிராம் இரும்பு. 2020 பரிந்துரையில் 29. பழைய கணக்கில் 100 கிராம் அவல் ஏறக்குறைய ஒரு நாள் தேவையையே தீர்த்துவிடும். புதிய கணக்கில் ஆறில் ஒரு பங்குகூட வராது. என்னிடம் வந்த அந்தப் பெண்களில் எத்தனை பேர் அவலை நம்பி இருந்துவிட்டார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் வருடம் ஒருமுறை, நான் ஜனவரியில் செய்கிறேன், மூன்றைச் சரிபாருங்கள்: உணவுச் சத்து அட்டவணை, பரிந்துரைக்கும் தினசரி அளவுகள், உடல் எடை வரையறைகள். மூன்றாவதில் நமக்கென்று தனிக் கோடு இருக்கிறது. உலக அளவில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 25 கூடுதல் எடை என்றால், இந்தியர்களுக்கு 23லேயே கவனம் தொடங்குகிறது. 25 உடல் பருமன். ஏன் என்பதற்கு 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஒருவர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், மற்றவர் உடம்பில் 21.2. அதிகம் இருந்தது நம் ஆளிடம்தான். ஒல்லியாகத் தெரியும் நோயாளியை ‘உங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்று அனுப்பும் முன் இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

தினசரி அளவுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2020 பரிந்துரையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று சராசரித் தேவை. மக்களில் பாதிப் பேருக்கு அது போதும். இன்னொன்று ஏறக்குறைய எல்லோருக்கும் போதும்படி உயர்த்தி வைத்தது. பெண்ணுக்கு இரும்பு 15, 29 என இரண்டு எண் வருவது இதனால்தான். ஒரு விடுதியின் உணவையோ ஒரு ஊரின் உணவையோ மதிப்பிடும்போது சராசரித் தேவையை வைத்துத்தான் பற்றாக்குறை கணக்கிட வேண்டும். உயர்ந்த எண்ணை வைத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் பற்றாக்குறையில் இருப்பதாகத் தோன்றும்.

படி 5: எண்ணைக் கரண்டியாக மாற்றுங்கள்

நம் தொழிலின் கைத்திறன் இங்கேதான். மருத்துவர் தாளைப் படிப்பார், ஆய்வாளர் தாளை எழுதுவார். அதைச் சாதம், குழம்பு, பொரியலாக மாற்ற நம்மை விட்டால் ஆளில்லை.

2025இல் வெளிவந்த, இன்டியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்தியர்களின் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்தை முழுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாற்றியது மட்டும் ஆபத்துக் குறைவோடு சேர்ந்து வரவில்லை. 5 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்துக் குறைவோடு சேர்ந்து வந்தது. ஒரே சமயத்தில் எடுத்த படம் போன்ற ஆய்வு, அதனால் காரண காரியத்தை நிரூபிக்காது. ஆனாலும் 2019 ஆய்வு காட்டிய திசையும் இதுதான் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

‘5 சதவீதம்’ என்று நோயாளியிடம் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கணக்கு போடுவோம். நாளுக்கு 2,000 கலோரி என்றால் 5 சதவீதம் 100 கலோரி. அதாவது 25 கிராம் மாவுச்சத்து குறைய வேண்டும், 25 கிராம் புரதம் கூட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாம் உடனே ‘சுண்டல் சேர்த்துக்கோங்க’ என்போம். 50 கிராம் பச்சைப்பயறில் புரதம் சுமார் 11 கிராம், கூடவே மாவுச்சத்து சுமார் 23 கிராம். அதையும் ஈடுகட்ட வேண்டும் என்றால் 48 கிராம் மாவுச்சத்தை அரிசியிலிருந்து எடுக்க வேண்டும். அது சுமார் 60 கிராம் சமைக்காத அரிசி அளவு. வெந்தால் ஏறத்தாழ ஒரு கப் சாதம். அப்படி எடுத்தும் புரதத்தில் பாதித் தூரம்கூட வரவில்லை. மீதியைத் தயிர், மோர், முட்டை, மீன், சோயா என்று அவரவர் வீட்டு வழக்கப்படி நிரப்ப வேண்டும்.

ஆக, 52 வயது அம்மாவுக்கு நாம் சொல்லும் வாக்கியம் இப்படி வரும்: “அரிசிய மாத்த வேணாம்மா. நீங்க சாப்பிடுற நாலு கரண்டிச் சாதத்துல ரெண்டு கரண்டியக் குறைச்சுட்டு, அந்த இடத்துல ஒரு கிண்ணம் பயறும், ஒரு கப் தயிரும் வைங்க. பொரியல ரெண்டு மடங்கா ஆக்குங்க.” ஆய்வுத்தாள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை. ஆனால் இதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது.

கரண்டி என்பது வீட்டுக்கு வீடு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சமையலறைத் தராசு வாங்கி, நோயாளியின் வீட்டுக் கரண்டியையே கொண்டுவரச் சொல்லி எடை போட்டுக் காட்டுங்கள். சாதத்தைக் குறைத்துச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் சாப்பிடும் அளவு தங்களுக்கே தெரியாது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் முறையில் மக்கள் உண்மையைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள் என்பது பல நாடுகளில் உடலின் ஆற்றல் செலவை நேரடியாக அளந்து பார்த்து உறுதியான விஷயம்.

காசும் ஓர் ஆதாரம்தான். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் போய், கிலோவுக்குப் பெரும் விலை கொடுத்து பிரவுன் ரைஸ் வாங்கச் சொல்லும் முன் அது என்ன லாபம் தரும் என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில் பயறும் முட்டையும் வாங்கினால் அதிகப் பலன் என்றுதான் மேலே சொன்ன ஆய்வுகளை வைத்து நான் நினைக்கிறேன். பிரவுன் ரைஸ் பிடித்து, விலையும் கட்டுப்படியாகி, அளவோடு சாப்பிடுபவர்களை நான் தடுப்பதில்லை. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் கூடக் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை, இதை எந்த அவசரத்திலும் தவிர்க்காதீர்கள். இன்சுலின் போடுபவர், உடம்பில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர் திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தாகக் கீழே இறங்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்குமா என்று மருத்துவரோடு பேசிவிட்டே உணவை மாற்றுங்கள். சிறுநீரகம் பாதித்தவருக்குப் புரதத்தைக் கூட்டும் யோசனையை இங்கிருந்து எடுத்துச் செல்லாதீர்கள். அவர்கள் கணக்கே வேறு.

படி 6: நோயாளியின் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை

ஆய்வுகள் சராசரியைச் சொல்லும். எதிரே இருப்பவர் சராசரி இல்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அவரையே அவருக்கான ஆய்வாளராக ஆக்கலாம். எனக்கு மிகப் பிடித்த படி இது. ‘டாக்டர் சொன்னாங்க’ என்று செய்பவரைவிட ‘நானே பார்த்தேன்’ என்று செய்பவர் நீடித்துச் செய்கிறார்.

நாலு இட்லி, சட்னி ஒரு நாள். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், சாம்பார் இன்னொரு நாள். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. மாத்திரை, சாப்பிடும் நேரம், நடை எல்லாம் இரண்டு நாளும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு நாள் எண்ணை நம்பக் கூடாது. முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தாலே எண் மாறும்.

குளுக்கோமீட்டருக்கும் எல்லை உண்டு. சர்வதேசத் தரத்தின்படி அதற்கு 15 சதவீதம் வரை முன்பின் போக அனுமதி இருக்கிறது. உண்மை அளவு 180 என்றால் கருவி 153 என்றும் காட்டலாம், 207 என்றும் காட்டலாம். அதனால் 180, 172 ஆனதைக் கொண்டாட வேண்டாம். திரும்பத் திரும்ப 40, 50 குறைந்தால் அது பேசத்தகுந்த விஷயம்.

படி 7: எழுதி வையுங்கள், எண்ணிப் பாருங்கள்

வார்டில் வேலை செய்பவர்களுக்கு இது. நான் முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில், அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்குக் காலையில் புரதக் கஞ்சி எழுதுவோம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் ஒரு ஜூனியரை நிறுத்தி, திரும்பி வரும் டம்ளர்களில் எவ்வளவு மிச்சம் என்று கால், அரை, முக்கால், முழுசு எனக் குறிக்கச் சொன்னேன். பெரும்பாலானவை பாதிக்கு மேல் மிச்சத்தோடு வந்தன. கஞ்சி வரும் நேரமும் டாக்டர் ரவுண்ட்ஸ் நேரமும் ஒன்றாக இருந்தது. ரவுண்ட்ஸ் முடிவதற்குள் கஞ்சி ஆறி ஏடு கட்டிவிடும். நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினோம். மறுபடி இரண்டு வாரம் குறித்தோம். மிச்சம் வெகுவாகக் குறைந்தது. செய்முறையைத் தொடவே இல்லை.

இதற்கு மானியமும் வேண்டாம், கணினி மென்பொருளும் வேண்டாம். ஒரு கேள்வி, ஒரு எளிய அளவீடு, ஒரு மாற்றம், மறுபடி அதே அளவீடு. சேவையை மேம்படுத்த இப்படி எண்ணிப் பார்ப்பது தணிக்கை. வெளியிடும் எண்ணம் இருந்தாலோ, வழக்கமான சிகிச்சையிலிருந்து மாறுபட்ட ஒன்றைக் கொடுத்துப் பார்க்க நினைத்தாலோ, அது ஆய்வு. தொடங்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. தலையீட்டு ஆய்வு என்றால் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, பின்னால் எந்த இதழும் ஏற்காமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உழைப்பு அத்தனையும் வீண்.

படி 8: ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆள் இருந்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு தாள் படியுங்கள், இல்லாவிட்டால் தனியாக. அந்த வாரம் அதிகம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை எடுத்து, தடித்த நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஐந்து கட்டக் கேள்வி. கீழே ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு வரி: ஆண்டு, எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கண்டார்கள், எங்கே பலவீனம். அடியில், நோயாளியிடம் இப்போதைக்கு நான் சொல்லும் வாக்கியம், அதை எழுதிய தேதி. வாக்கியத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

என் அரிசிப் பக்கத்தில் இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன. 2014, 15 பேர், 5 நாள். 2019, 166 பேர், மூன்று மாதம். 2020, 21 நாடுகள், ஏறத்தாழ பத்தாண்டு, கண்காணிப்பு மட்டும். 2025, நாடு தழுவியது, ஒரு சமயப் படம். முதல் வரி மட்டும் இருந்த காலத்தில் அடியில் ‘பிரவுன் ரைஸுக்கு மாறுங்கள்’ என்று எழுதியிருந்தேன். அதை அழித்த தடம் இன்னும் தெரிகிறது. அதன்மேல் எழுதியிருப்பது: ‘முதலில் அளவைப் பாதியாக்கு, பயறைக் கூட்டு, எந்த அரிசி என்பதை அப்புறம் பேசலாம்.’